ஒரு செல்... ஒரு செடி!

செம்பருத்திக் கிளையை ஒடித்து நட்டால் துளிர்க்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லை வளர்த்தால் செடியாகுமா? ஆகும் குட்டீஸ்!

ஆஸ்திரிய விஞ்ஞானி ஹேபர்லாண்ட் 1902-ஆம் ஆண்டே தனிச் செல்களை வளர்க்க முயன்றார், முடியவில்லை. 1958-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் என்ற விஞ்ஞானி, கேரட்டின் செல்களைச் சத்துக் கரைசலில் வளர்த்து முழுச் செடியாக்கிக் காட்டினார். அந்தக் கரைசலில் அவர் சேர்த்தது என்ன தெரியுமா? நம்ம இளநீர்!

ஒரு செல்லிலிருந்து முழுச் செடி வருமென்றால், அந்தச் செல்லில் செய்யும் மாற்றம் செடி முழுவதும் இருக்குமல்லவா? அதனால் என்ன பயன்?

கடல்நீர் புகுந்தால் நெற்பயிர் கருகிவிடும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்ட வயல்கள் பல அப்படித்தான் பாழாயின. ஆனால், கடலோரச் சேற்றில் வளரும் வெண்கண்டல் மரம் உப்பைத் தாங்கும். அடையாறை அடுத்த தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், அந்த மரத்திலிருந்து உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்தார்கள்.

எப்படிச் சேர்ப்பது? நெல்மணியின் கருவைச் சத்துக் கூழில் வைத்தால், செல்கள் பெருகிச் சிறு கட்டியாகும். அந்தச் செல்களுக்குள் மரபணுவைச் செலுத்துவார்கள். பிறகு கூழில் ஹார்மோன் அளவை மாற்றினால் தளிர் வரும், வேர் வரும், நாற்று தயார்!

இந்த நெல் இன்னும் விவசாயிகள் கைக்கு வரவில்லை. மனிதருக்கும் மண்ணுக்கும் தீங்கில்லை என்று பல கட்டமாகச் சோதித்த பிறகே அரசு அனுமதி தரும்.

அடுத்த முறை கேரட்டைக் கடிக்கும்போது யோசியுங்கள்... ஒரு துண்டுக்குள் எத்தனை செடிகள் ஒளிந்திருக்கின்றன!