ஐபேட்டுக்குப் பணம் உண்டு, நூலகருக்கு இல்லை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம், மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்கும் திட்டத்தை 2013இல் தொடங்கியது. மதிப்பீடு 100 கோடி டாலருக்கும் அதிகம். அதே காலத்தில், அம்மாவட்டத்தின் பல பள்ளிகளில் நூலகர் இன்றி நூலகங்கள் பூட்டிக் கிடந்தன.

இந்த விந்தைக்குக் காரணம் நிதி விதிகள். ஐபேட்டுகளுக்கான பணம், பள்ளிக் கட்டடங்களுக்கென வாக்காளர்கள் அனுமதித்த கடன் பத்திரங்களிலிருந்து வந்தது. சொத்து வரி மூலம் பல்லாண்டுகள் அடைக்க வேண்டிய அக்கடனில், சில ஆண்டுகளே உழைக்கும் கருவிகளை வாங்கலாம்; ஊதியம் வழங்கலாகாது. நூலகர் ஊதியமோ ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைச் சார்ந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வெட்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

கருவிகள் கைக்கு வந்த சில வாரங்களிலேயே மாணவர் சிலர் இணையத் தடைகளை நீக்கிவிட்டனர். கொள்முதல் குறித்தும் கேள்விகள் எழவே, 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னரும், பத்திரப் பணத்தில் நூலகர் ஒருவரை அமர்த்த விதி இடம் தரவில்லை.