தென்பெண்ணையும் அதன் துணையாறுகளும்

ஆறுகள் நாட்டின் எல்லைகளை அறியமாட்டா. மலையிலே பிறந்து, நிலத்தின் சரிவு காட்டும் வழியே நடந்து, கடலிலே கலத்தல் அவற்றின் இயல்பு. கருநாடகத்தில் தோன்றித் தமிழ்நாட்டை வளப்படுத்தும் தென்பெண்ணை இதற்குத் தக்க சான்றாகும்.

தென்பெண்ணையின் பிறப்பிடம் நந்திமலைப் பகுதியாகும். அப்பகுதி ஆறுகள் பலவற்றின் தாய்வீடு எனலாம். அங்குத் தோன்றும் வடபெண்ணை வடக்கே சென்று, பின்னர்க் கிழக்கே திரும்பி, நெல்லூர்ப் பக்கம் கடலை அடைகின்றது. அருக்காவதி தெற்கே சென்று காவிரியோடு கலக்கின்றது. தென்பெண்ணையோ பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கித் தமிழகம் நோக்கி வருகின்றது. வடமொழியாளர் இதனைத் தட்சிண பினாகினி என்பர். பினாகம் என்பது சிவபெருமானின் வில்லாகும்.

இவ்வாறு தமிழகத்தில் கால் வைக்கும் இடம் ஓசூர் வட்டம். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில் ஓர் அணை இதன் நீரைத் தேக்குகின்றது. ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். அங்கிருந்து ஆறு கிருட்டிணகிரிச் சமவெளிக்கு இறங்குகின்றது.

வழியில் துணையாறுகள் வந்து சேர்கின்றன. சூளகிரிப் பக்கத்துச் சின்னாறு அவற்றுள் ஒன்று. கோலார்ப் பகுதியில் தோன்றும் மார்க்கண்டேய நதி, வேப்பனப்பள்ளி வழியாக வந்து கிருட்டிணகிரி அணைக்கு நீர் தருகின்றது. ஊத்தங்கரைப் பக்கத்தில் பாம்பாறும், சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறும் பின்னர்க் கலக்கின்றன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சின்னாறு என்னும் பெயருடைய வேறோர் ஆறும் இம்மாவட்டத்தில் உண்டு. அது தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து சென்று ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கின்றது. ஒரே மாவட்டத்தில் பெய்த மழையில் ஒரு பகுதி காவிரி வழியாகப் பூம்புகாரையும், மற்றொரு பகுதி பெண்ணை வழியாகக் கடலூரையும் நோக்கிச் செல்கின்றது. இவ்விரண்டையும் பிரிப்பது மனிதர் வகுத்த எல்லைக்கோடு அன்று. இடையிலுள்ள மேட்டுநிலமே ஆகும்.

காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1957ஆம் ஆண்டில் கிருட்டிணகிரி அணை பயனுக்கு வந்தது. அதன் உயரம் 52 அடி. அதன் வாய்க்கால்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஏக்கர் நிலத்திற்கு நீர் பாய்ச்சுகின்றன. அதற்குக் கீழே சாத்தனூர் அணை 1958ஆம் ஆண்டில் அமைந்தது. பின்னர் ஆறு, சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவலூரைத் தழுவிச் சென்று, கடலூர் அருகே வங்கக்கடலில் கலக்கின்றது.

இத்தகைய ஆற்றிற்கு இன்று இரு துன்பங்கள் நேர்ந்துள்ளன. ஒன்று நீர்க்குறைவு. மேற்புறத்தில் நீரைத் தடுத்தால் கீழ்ப்புறம் வறளும். சென்னை மாகாணமும் மைசூர் அரசும் எல்லை கடக்கும் ஆறுகளைப் பற்றி 1892ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்துகொண்டன. எனினும் மார்க்கண்டேய நதியின் குறுக்கே அணை எழுந்தமையால், 2018ஆம் ஆண்டில் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தை நாடிற்று.

மற்றொன்று மாசு. பெங்களூரின் வளர்ச்சியோடு அதன் கழிவுநீரும் பெருகிற்று. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக அது பெண்ணையை அடைகின்றது. சவர்க்காரப் பொருள்கள் கலந்த அந்நீர் கெலவரப்பள்ளி மதகுகளிலிருந்து வேகமாய் விழும்போது காற்றோடு கலந்து, வெண்பஞ்சுக் குவியல்போல் நுரைத்து எழுகின்றது. காண்போர்க்கு அது வியப்பாக இருக்கலாம். அந்நீரைப் பாய்ச்சும் உழவர்க்கோ அது கவலையாகும்.

மேலூரார் கழுவி விட்ட நீரே கீழூரார் முகக்கும் நீர். பெங்களூரின் கீழே ஓசூர் உள்ளது. ஓசூரின் கீழே கிருட்டிணகிரி உள்ளது. அதன் கீழும் ஊர்கள் பல உள்ளன. ஆகவே பிறர் செய்த மாசினைக் கண்டு வருந்தும் நாம், நம் தொழிற்சாலைகளின் கழிவும் நம் வீட்டுச் சாக்கடையும் ஆற்றில் சேராவண்ணம் காத்தல் வேண்டும். ஆற்றங்கரையில் வாழ்வோர் அனைவரும் ஒரு குடும்பத்தாரே என்பதை உணர்ந்து நடப்பதே பெண்ணைக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.