கட்டியதை உடைக்காமலும் விளையாடலாம்

கேளிக்கைப் பூங்கா ஒன்றைக் கட்டி நடத்துவதுதான் 'அன்ஃபெயர்' என்ற மேசை விளையாட்டு. ஜோயல் ஃபின்ச் வடிவமைத்த இதனை அவுஸ்திரேலியாவின் குட் கேம்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்டது. பெயரின் பொருள் 'நியாயமற்றது'. போரைக் கண்ட குடும்பங்கள் இதை விளையாடும்போது அந்தப் பெயரைச் சற்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

முதலில் விளையாட்டின் முறையைச் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 5 பேர் வரை விளையாடலாம். கடற்கொள்ளையர், ரோபோ, காடு, நிஞ்சா என்று பல அட்டைக் கட்டுகள் உண்டு. ஆளுக்கு ஒரு கட்டைத் தெரிந்து எல்லாவற்றையும் கலக்கவேண்டும். ஆட்டம் 8 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் சவாரிகளைக் கட்டுகிறோம், அவற்றை மெருகேற்றுகிறோம், வரும் விருந்தினருக்கு ஏற்பக் காசு பெறுகிறோம். முதற்பாதியில் வரும் நகர அட்டைகள் எல்லோருக்கும் நன்மை தருபவை. பிற்பாதியில் அவையே எல்லோருக்கும் கெடுதல் செய்யும்.

கையிலிருக்கும் நிகழ்வு அட்டைகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் நமக்கு நன்மை எடுக்கலாம். மற்றதில் அடுத்தவரின் பூங்காவுக்குத் தீங்கு செய்யலாம்.

மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டை அந்தோனியார் திருத்தலத்துக்கு வன்னியிலிருந்து குடும்பமாகப் போயிருந்தோம். அங்கே தங்கியிருந்த இரவில் அக்காவின் பிள்ளைகள் மெல்பேர்ணிலிருந்து கொண்டுவந்த இந்தப் பெட்டியைத் திறந்தார்கள். ஐந்தாம் சுற்றில் மருமகன் தன் அம்மம்மாவின் சவாரி ஒன்றை மூட அட்டை எடுத்தான். அம்மா கோபப்படவில்லை. "கட்டி முடிச்சதை ஏன் பிள்ளை உடைக்கவேணும்?" என்று மட்டும் கேட்டார். மூன்று தடவை வீடு கட்டியவர் அவர்.

தீங்கு செய்வது வெளிநாட்டு விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. சோகி உருட்டும் எங்கள் தாயத்திலும் எதிராளியின் காயை வெட்டுகிறோம். ஆனால் வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து நடக்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான். இங்கே சேதப்படுவது ஒருவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒன்று. அதனால்தான் அது வேறு மாதிரி வலிக்கிறது.

இதற்கு வழி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. 'உலக சமாதானம்' என்றொரு அட்டை உண்டு. ஆட்டம் தொடங்கமுன் அதை வைத்தால் மற்றவரைத் தாக்க முடியாது. 2021இல் அதே வடிவமைப்பாளரின் 'ஃபன்ஃபெயர்' வந்தது. அதில் தாக்கும் அட்டைகளே இல்லை. 6 சுற்றுகளில் முடிந்துவிடும். ஆனாலும் போட்டி குறைவதில்லை. நல்ல சவாரியை யார் முந்தி எடுப்பது, எடுத்த வரைபடத்தை யார் நிறைவேற்றுவது என்பதில் விறுவிறுப்பு இருக்கிறது.

வஹகோட்டை மக்களும் கண்டி மன்னரிடம் போரில் பிடிபட்டுக் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. போருக்குப் பிறகு கட்டியெழுப்பிய ஊர்கள் எங்களுடையவை மட்டுமல்ல.

இழப்பைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டில் அவர்கள் சட்டென்று எழுந்து போனால் பிள்ளைகளுக்குக் காரணம் புரியாது. ஆகவே பெட்டியைத் திறந்ததும் எந்த விதியில் விளையாடுவது என்று எல்லோரையும் கேளுங்கள். வயதில் மூத்தவரையும் இளையவரையும் முதலில் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் சமாதான அட்டையை வையுங்கள். காரணம் கேட்கவேண்டாம். சொல்ல விரும்பினால் விளையாட்டின் நடுவில் அவர்களே சொல்வார்கள்.