பக்கத்து வீட்டில் முன்பே விழுந்த விக்கெட்

நீங்கள் கைப்பேசியில் கிரிக்கெட் ஆட்டம் பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள். பந்து வீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பந்தைக் கால்சட்டையில் தேய்த்துக் கொண்டு நிற்கிறார். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து "அவுட்!" என்று ஒரு கூச்சல் எழுகிறது. அரை நிமிடம் கழித்து உங்கள் கைப்பேசியிலும் விக்கெட் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜோதிடம் தெரியுமா என்ன? ஒரே மைதானம், ஒரே பந்து. அவருக்கு முன்னும் உங்களுக்குப் பின்னுமாக அது வந்து சேர்வது ஏன்?

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் ஒரு மனத்தாங்கலையே உண்டாக்கி விட்டது. அதைச் சொல்லிவிட்டே இயற்பியலுக்கு வருகிறேன்.

என் தந்தை தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் இருக்கிறார். கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் 'டை' ஆயிற்று அல்லவா? 1960இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த இரண்டாவது ஆட்டம் அதுதான். அன்று முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு, ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தக் கதையைக் கேட்டே நான் வளர்ந்தேன். இப்பொழுது நான் கோவையில் கல்லூரி ஆசிரியை. என் மகளுக்கு ஒன்பது வயதானபோதே அவளுக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிக் கொண்டது. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் தாத்தாவும் பேத்தியும் தொலைபேசியில் பேசிக் கொள்வார்கள்.

2024 ஜூன் 29 இரவு. பார்படாஸ் தீவில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ஓட்டங்கள் தேவை. எதிரே டேவிட் மில்லர். என் மகள் கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக் கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். அவள் திரையில் ஓவர் இன்னும் தொடங்கவில்லை. அப்பொழுது என் கைப்பேசி ஒலித்தது. "புடிச்சிட்டான்மா! கோட்டுக்கு வெளியே போயி, உள்ளே வந்து புடிச்சிட்டான்!" என்று அப்பாவின் குரல் அறை முழுவதும் கேட்டது. சூரியகுமார் பிடித்த அந்தப் பந்தை உலகமே வியந்து பார்த்தது. என் மகள் மட்டும், முடிவு தெரிந்த கதையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது, அவளோ அழுதாள். "தாத்தா ஏன் முன்னாடியே சொன்னாங்க? இனிமே மேட்ச் நடக்கும்போது அவங்க போனை எடுக்காதே" என்றாள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "சரிம்மா, ஆட்டம் முடிஞ்சப்புறம் பேசறேன்" என்றார். அப்புறம் அவர் ஆட்டத்தின் நடுவே கூப்பிடவே இல்லை. குற்றம் தாத்தாவினுடையதும் அன்று, பேத்தியினுடையதும் அன்று. அப்படியானால் யாருடையது?

தொலைவின் மீது பழி போடலாமா? பார்படாஸிலிருந்து கோவை ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். ஒளியும் வானொலி அலையும் விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும்! கண்ணாடி இழை வழியாகச் செய்தி சென்றால் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அப்பொழுதும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அரை நிமிடம் எங்கே, இது எங்கே!

மைதானத்திலேயே தாமதம்

தாமதம் என்பது எனக்கு முதலில் அறிமுகமான இடம் சேப்பாக்கம். 1999 ஜனவரியில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்டின் கடைசி நாளன்று அப்பா என்னை அங்கே அழைத்துப் போயிருந்தார். எனக்கு அப்பொழுது பத்து வயது. டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் 12 ஓட்டங்களில் தோற்ற ஆட்டம் அது. வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக் கொண்டே தட்டினார். அன்று நான் கவனித்த வேறொன்றும் உண்டு. மட்டை பந்தில் படுவது கண்ணுக்குத் தெரிகிறது. 'டொக்' என்ற ஓசையோ சற்றுப் பின்னால் வருகிறது. ஏனப்பா என்று கேட்டேன். "வெளிச்சம் ஓடி வருது, சத்தம் நடந்து வருதும்மா" என்றார். நான் இயற்பியல் படித்ததற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

சென்னை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். ஆடுகளத்திலிருந்து 90 மீட்டர் தள்ளி காலரியில் இருப்பவருக்கு 'டொக்' வந்து சேரக் கால் விநாடி ஆகிறது. இனி ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஸ்டம்பின் அருகில் ஒரு மைக் இருக்கிறது. அது பிடிக்கும் ஓசையை வானொலி உடனுக்குடன் பரப்புகிறது என்று கொள்வோம். சென்னையிலிருந்து கும்பகோணம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வானொலி அலைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட வேண்டியதில்லை. அந்த நேரத்துக்குள் மைதானத்தில் ஒலி ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது! காசு கொடுத்து டிக்கெட் வாங்கி காலரியில் உட்கார்ந்தவருக்கு முன்பாக, கும்பகோணத்துத் திண்ணையில் டிரான்சிஸ்டருடன் இருப்பவர் அந்த ஓசையைக் கேட்டுவிடுவார். (வர்ணனையாளரின் சொற்கள் அவ்வளவு விரைவாக வாரா. கண்டு, உணர்ந்து, வாய் திறப்பதற்குள் அவருக்கு அரை விநாடியேனும் ஆகிவிடும். அந்தத் தாமதம் இயற்பியலுக்குரியது அன்று, நரம்புகளுக்குரியது.)

செயற்கைக்கோளின் கால் விநாடி

அப்பாவின் வீட்டு மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா இருக்கிறது. அதற்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில்தான் ஒரு செயற்கைக்கோள் பூமியின் தற்சுழற்சிக்கு ஈடாகச் சுற்றி, நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். மேலே போகவும் கீழே வரவும் சேர்ந்து சுமார் 72,000 கிலோமீட்டர். அதற்கு ஏறத்தாழ கால் விநாடி. காலரியில் 90 மீட்டரை ஒலி கடக்கும் நேரமும், விண்வெளிக்குப் போய்த் திரும்பும் அலையின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதை வகுப்பில் சொன்னால் என் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை.

ஆக, அப்பாவுக்கும் தாமதம் உண்டு. அதில் வானம் வாங்கிக் கொள்வது கால் விநாடி, இரண்டு செயற்கைக்கோள்களைத் தாண்டினால் அரை விநாடி. மீதமுள்ள சில விநாடிகள் படத்தைச் சுருக்குவதில் போகின்றன. கைப்பேசியின் அரை நிமிடத்துக்கும் தொடக்கம் இங்கேதான்.

தெளிவான தொலைக்காட்சிப் படம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுத 24 பிட்டுகள் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் என்று வைத்துக் கொண்டால்கூட, ஒரு விநாடிக் காட்சிக்கு ஏறக்குறைய 124 கோடி பிட்டுகள் ஆகின்றன. உங்கள் கைப்பேசிக்கு விநாடிக்கு 50 இலட்சம் பிட்டுகள் வருவதாகக் கொண்டால், படத்தை 250 மடங்கு சுருக்கியாக வேண்டும்.

எப்படிச் சுருக்குவது? முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். புல்தரை அப்படியே இருக்கிறது. விக்கெட் கீப்பர் அசையவில்லை. பந்து மட்டும் நகர்ந்திருக்கிறது. "முந்தைய படமே, பந்து இத்தனை புள்ளி தள்ளி" என்று எழுதி விடலாம். இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஃபீல்டர் ஒருவர் ஓடுகிறார். இதுவரை அவர் மறைத்திருந்த புல்தரை இப்பொழுது வெளிப்படுகிறது. அது முந்தைய படத்தில் இல்லை. ஆனால் அடுத்து வரப்போகும் படத்தில் இருக்கிறது! ஆகவே சுருக்கும் கருவி ஒரு தந்திரம் செய்கிறது. சில படங்களை ஒதுக்கி வைத்துக் கொண்டு, பின்னால் வரவேண்டிய படத்தை முதலில் எழுதிவிடுகிறது. பிறகு முன்னும் பின்னுமாக இரண்டையும் பார்த்து நடுவில் உள்ளவற்றை எழுதுகிறது. எதிர்காலத்தைப் பார்த்து நிகழ்காலத்தை எழுதுகிறது என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு ஒரே வழிதான் உண்டு: எதிர்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு அதிகம் சுருக்க வேண்டுமோ அவ்வளவு அதிகம் காத்திருப்பதே ஆதாயம். பெறும் கருவியும் வரிசை மாறி வந்த படங்களைச் சேர்த்து வைத்து அடுக்கிய பிறகே காட்ட முடியும். இப்படிக் காத்திருந்து காத்திருந்தே சில விநாடிகள் சேர்ந்து விடுகின்றன.

இதுவரை சொன்னது அப்பாவுக்கும் என் மகளுக்கும் பொது. இனி வருவது அவளுக்கு மட்டும்.

செயற்கைக்கோள் பொழிவது மழை போன்றது. ஒரே அலை எல்லா மாடிகளிலும் விழுகிறது; எத்தனை பேர் பிடித்துக் கொண்டாலும் அதற்குக் கவலை இல்லை. இணையம் அப்படியன்று. அங்கே ஆட்டம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் தனித்தனியாகப் படி எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு வசதியாக ஆட்டத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு 6 விநாடி என்று வைத்துக் கொள்வோம். அந்த 6 விநாடியும் மைதானத்தில் நடந்து முடிந்த பிறகுதான் துண்டு தயாராகும். பிறகு அது ஊர் ஊராக உள்ள கணிப்பொறிகளுக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வருகிறது.

வந்ததும் உங்கள் கைப்பேசி அதைக் காட்டி விடுகிறதா? இல்லை. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் நாம் என்ன செய்கிறோம்? மாடியில் ஒரு தொட்டி கட்டிக் கொள்கிறோம். குழாய் நின்றாலும் தொட்டியிலிருந்து சீராக வரும். கைப்பேசியும் அதையே செய்கிறது. இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக் கொண்டே காட்டத் தொடங்குகிறது. மூன்று துண்டு என்றால் 18 விநாடி. நீங்கள் தொட்டியிலிருந்து பிடித்துக் குடிக்கும் தண்ணீர் இப்பொழுது குழாயில் வரும் தண்ணீர் அன்று அல்லவா? வெட்டுவதற்கும் சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆன நேரத்தையும் கூட்டுங்கள். அரை நிமிடம் ஆகிவிடுகிறது. அதற்குள் மைதானத்தில் அடுத்த பந்துக்கு ஆயத்தம் நடந்து கொண்டிருக்கும்.

தொட்டியைச் சிறிதாக்கலாம்; துண்டுகளையும் சிறிதாக்கலாம். அப்படிச் செய்து தாமதத்தைச் சில விநாடிகளுக்குக் குறைக்கும் முறைகள் வந்துவிட்டன. ஆனால் தொடர்பு கொஞ்சம் தடுமாறினாலும் தொட்டி வற்றிப் படம் நின்றுவிடும். கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும் இறுதி ஆட்டத்தில், மில்லர் அடித்த பந்து வானத்தில் இருக்கும்போது படம் நின்றால் என்ன ஆகும்? பிந்தி வந்தாலும் பரவாயில்லை, நிற்காமல் வரட்டும் என்று அனுப்புகிறவர்கள் முடிவு செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதை உங்கள் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஒரே ஆட்டத்தை வையுங்கள். தொலைக்காட்சியில் மட்டை பந்தில் படும் கணத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தை ஓட விடுங்கள். அதே அடி கைப்பேசியில் தெரியும்போது நிறுத்துங்கள். பத்துப் பந்துகளுக்குச் செய்து சராசரி காணுங்கள். உங்கள் விரல் பிந்துவதால் வரும் பிழை ஒரு விநாடியில் சிறு பங்குதான். இங்கே அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே செயலியை இரண்டு கைப்பேசிகளில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும். அவையும் பெரும்பாலும் ஒத்துப்போகா. ஒவ்வொன்றும் தன் தொட்டியை வேறு நேரத்தில் நிரப்பத் தொடங்கியதே காரணம்.

நாங்கள் இதை வேறு விதமாக அளந்தோம். தொலைபேசிப் பேச்சுக்குத் தொட்டி கட்ட முடியாது. கேள்வி கேட்டு அரை நிமிடம் கழித்துப் பதில் வந்தால் யார்தான் பேசுவார்கள்? எனவே அந்தத் தாமதத்தை ஒரு விநாடிக்கும் மிகக் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். தாத்தா தொலைக்காட்சியில் பார்த்துத் தொலைபேசியில் சொன்னால், கோவையில் அதைவிட விரைவாக ஆட்டத்தைத் தெரிந்து கொள்ள எங்களுக்கு வேறு வழி இல்லை. இதை என் மகளுக்குப் படம் வரைந்து விளக்கினேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். "அப்போ தாத்தா கெடுக்கலை, நம்ம போன்தான் லேட்" என்றாள். பிறகு, தாத்தாவையே வர்ணனை சொல்லச் சொன்னால் என்ன என்று கேட்டாள்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அதுவும் தென்னாப்பிரிக்காவுடன்தான். நள்ளிரவு நெருங்கியும் என் மகள் தூங்கவில்லை. ஆட்டம் ஓடிய கைப்பேசியின் ஓசையை அடைத்து, மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். என் கைப்பேசி தரையில் கிடந்தது. அதிலிருந்து அப்பாவின் குரல் வந்து கொண்டிருந்தது. வானொலி வர்ணனை கேட்டுப் பழகியவர் அல்லவா? பந்து வீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார் என்பதைக்கூட விடாமல் சொன்னார். "தீப்தி வரா... டி கிளார்க் தூக்கி அடிக்கறா... ஹர்மன்ப்ரீத் பின்னாலயே ஓடறா, ஓடறா... புடிச்சிட்டா கண்ணு! புடிச்சிட்டா!"

இரண்டு ஊர்களிலும் ஒரே நேரத்தில் கூச்சல். அது அடங்குவதற்குள் என் மகள் கைப்பேசியைத் திருப்பினாள். அதில் தீப்தி சர்மா இன்னும் பந்துடன் நின்று கொண்டிருந்தார். "தாத்தா, எண்ணுங்க" என்றாள். அவரும் அங்கிருந்து எண்ணத் தொடங்கினார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று இருவரும் சேர்ந்து சொல்லிக் கொண்டிருக்கும்போது பந்து மட்டையில் பட்டு மேலே எழுந்தது.