வாகனத்திலிருந்து மின்சாரம்

1990களில் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தது. அக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, மற்றவர்கள் தைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். உங்கள் பெற்றோரைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். இன்று மின் பாரவூர்திகள் மரம் அரியும் வாளையும் துளைகருவியையும் இயக்குகின்றன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு விளங்கிக்கொள்வோம்.

1. சைக்கிள் தைனமோ

தைனமோவினுள் காந்தம் சுழலும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின் தூண்டப்படுகிறது. மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. பொதுவாக இதன் வலு 3 வாற்று. இது தருவது ஆடலோட்டம். வானொலிக்குத் தேவையானது நேரோட்டம். எனவே இடையே இருவாயிகளை இணைத்துச் சீராக்க வேண்டும். தைனமோ சக்தியைச் சேமிப்பதில்லை. சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும்.

2. மின் பாரவூர்தி

இங்கு நிலைமை நேர்மாறானது. பற்றரியில் இரசாயனச் சக்தியாகச் சேமிக்கப்பட்டிருப்பது நேரோட்டமாக வெளிவருகிறது. குதையில் செருகும் கருவிகளுக்கோ ஆடலோட்டம் வேண்டும். இம்மாற்றத்தைச் செய்யும் சாதனமே இன்வேட்டர்.

உதாரணமாக, அமெரிக்காவில் 2022இல் விற்பனைக்கு வந்த போர்ட் எப்-150 லைட்னிங் வாகனத்தின் உயர்ரக வகைகளில் 11 குதைகள் இருந்தன. அவற்றிலிருந்து மொத்தமாக 9.6 கிலோவாற்று வரை பெறலாம். இது 3,200 சைக்கிள் தைனமோக்களின் வலுவுக்குச் சமன்.

3. கணித்துப் பார்ப்போம்

வாகனமொன்றின் 230 வோல்ற்றுக் குதையின் எல்லை 2,000 வாற்று எனக் கொள்க. கூரை வேலைக்கு 1,200 வாற்று வாளும் 600 வாற்றுத் துளைகருவியும் ஒரே நேரத்தில் இயக்கப்படுகின்றன.

மொத்த வலு = 1,200 + 600 = 1,800 வாற்று
மின்னோட்டம் = வலு ÷ அழுத்த வித்தியாசம் = 1,800 ÷ 230 = ஏறத்தாழ 7.8 அம்பியர்

இது எல்லைக்கு உட்பட்டது. இன்னொரு 800 வாற்றுக் கருவியையும் இணைத்தால் எல்லை மீறும், மின் துண்டிக்கப்படும். மோட்டர் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

வாள் மட்டும் 2 மணித்தியாலம் இயங்கினால்:
சக்தி = 1.2 × 2 = 2.4 கிலோவாற்று மணி

மின் பட்டியலில் இது 2.4 அலகு. மாங்குளத்தில் வேலை முடித்துக் கிளிநொச்சிக்குத் திரும்ப வேண்டியவர், வீடு வந்து சேரத் தேவையான சக்தியை ஒதுக்கிவிட்டே மிகுதியைச் செலவிட வேண்டும்.

4. பாதுகாப்பு

• கருவியின் வோல்ற்றளவைப் பார்க்கவும். 120 வோல்ற்றுக் குதையில் நமது 230 வோல்ற்றுக் கருவிகள் சரிவர இயங்கா.
• ஈரநிலத்தில் நின்று மின் கருவிகளைக் கையாள வேண்டாம்.
• மின்தடையின்போது வாகன மின்னை வீட்டுக் குதையினூடாகச் செலுத்தவே கூடாது. அது வெளிக் கம்பிக்குச் சென்று, மின்மாற்றியில் உயர் அழுத்தமாக மாறி, திருத்தவேலை செய்யும் ஊழியரின் உயிரைப் பறிக்கலாம்.

நினைவிற் கொள்க: தைனமோ மின்னைப் பிறப்பிக்கிறது, பற்றரி சேமித்ததைத் திருப்பித் தருகிறது. இரண்டிலும் செலவாகும் சக்தி எங்கிருந்தோ வந்தே ஆக வேண்டும்.

பயிற்சி
1. தைனமோவில் வானொலியை இயக்க இருவாயி தேவைப்படுவது ஏன்?
2. 750 வாற்று நீர்ப்பம்பி 4 மணித்தியாலம் இயங்கினால் எத்தனை அலகு செலவாகும்? (விடை: 3)