சென்னை புறநகரில் முதல் வீடு: ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டை திங்கட்கிழமை காலையும் பார்த்தீர்களா?

"ஸ்டேஷன்லேருந்து பத்தே நிமிஷம் சார். ஏர்போர்ட்டுக்கு அரை மணி நேரம். எதிர்லயே ஸ்கூல் வருது, பக்கத்துல மெட்ரோ வருது!"

சைட் பார்க்கக் கூட்டிப்போகும் வேனில் ஒருமுறையாவது ஏறியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் ஜி.எஸ்.டி ரோட்டில் பெரிய நெரிசல் இல்லை. மாடல் வீட்டின் பால்கனியில் காற்று பிரமாதமாக வருகிறது. திரும்பி வரும்போதே கணவனும் மனைவியும் டோக்கன் அட்வான்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

குடியேறிய பிறகு வரும் முதல் திங்கட்கிழமை காலையில்தான் நிஜமான தூரம் தெரிகிறது. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பது, ரயில்வே கேட்டில் நிற்பது, ஏற முடியாமல் ஒரு ரயிலை விடுவது எல்லாம் சேர்ந்து அந்தப் பத்து நிமிஷம் அரை மணி நேரமாகிவிடுகிறது. வீட்டுக் கடனோ இருபது வருஷம்!

சென்னைக்குள் சொந்த வீடு என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. புறநகருக்குப் போவதில் தவறே இல்லை. எந்தப் புறநகர் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி. சதுர அடி விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், மிச்சம் பிடித்த பணத்தை நேரமாகவும் தண்ணீராகவும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்று ரயில் தடங்கள், மூன்று விதமான ஊர்கள்

சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று முதல் நகரம் ரயிலைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது.

தெற்குத் தடத்தில் தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று செங்கல்பட்டு வரை போகிறது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு 60 கிலோமீட்டர். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தாம்பரம் வரை ஓடும் ரயில்கள் எல்லாமே செங்கல்பட்டு வரை போவதில்லை. தாம்பரத்துக்கு அப்பால் ஒரு ரயிலைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளும்.

மேற்குத் தடத்தில் சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது இயல்பான தேர்வு. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு ஐ.டி வேலையும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிறது.

வடக்குத் தடத்தில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. துறைமுகம், அனல்மின் நிலையம், சிப்காட் என்று தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. அங்கேயே வேலை என்றால் வசதி. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லிவரும் விஷயம். போர்வெல்லை நம்பி அங்கே வீடு வாங்கக் கூடாது.

யாருடைய நேரம்?

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு கிண்டியில் வேலை, மனைவிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில். கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கினால் கணவருக்கு ஒரே ரயில். மனைவி பூங்கா நிலையத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து சென்ட்ரல் போய் வேறு ரயில் மாற வேண்டும். இல்லையென்றால் பைபாஸ் வழியாகப் போகும் பேருந்தை நம்ப வேண்டும். திருநின்றவூரில் வாங்கினால் இது அப்படியே தலைகீழ்.

பல வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. கணவரின் ஆபீஸை வைத்து வீடு முடிவாகிறது. கொஞ்ச நாளில், 'இவ்வளவு தூரம் அலைஞ்சு எதுக்கு' என்று மனைவி வேலையை விடுகிறார். இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய கடனை ஒரு சம்பளம் சுமக்கிறது. அதனால் இரண்டு பேரின் பயணத்தையும் தனித்தனியாகத் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. சமைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் யார் தலையில் இருக்கிறதோ, அவருடைய பயணம்தான் முதலில் குறைய வேண்டும்.

போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் 75 மணி நேரம். வருடத்துக்கு 900 மணி நேரம், அதாவது 37 நாள்களுக்கும் மேல். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட இரவு பகலை ரயிலுக்கும் ரோட்டுக்கும் கொடுக்கிறோம்.

செலவைப் பொறுத்தவரை சாதாரண மின்சார ரயில்தான் இன்றைக்கும் மலிவு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் லாபம். 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்குமான ஆட்டோ செலவு பல நேரம் ரயில் செலவைத் தாண்டிவிடும். பைக் நிறுத்தும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

45 லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

'பேங்க் லோன் கிடைச்சுடும்' என்பது பாதி உண்மைதான். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவிகிதம்தான் உச்சவரம்பு. 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் கிடைக்கும். 9 லட்சம் கைப்பணம்.

இதோடு பத்திரச் செலவு. மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 45 லட்சத்துக்குப் பதிவு செய்தால் சுமார் 4 லட்சம். வழக்கறிஞர், வங்கிக் கட்டணம், வீடு மாற்றுவது, கிரில், கப்போர்டு எல்லாம் சேர்த்தால் கையில் 14, 15 லட்சம் இல்லாமல் இறங்குவது சிரமம். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை உண்டு. சிறிய மனை வாங்குபவர்களுக்கு இது உதவும்.

36 லட்சம் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவிகிதம் என்றால் மாதத் தவணை 31,200 ரூபாயைத் தாண்டும். கடைசியில் கட்டும் வட்டி மட்டும் சுமார் 39 லட்சம். கட்டி முடியாத ஃபிளாட் என்றால் சாவி கைக்கு வரும் வரை வாடகையும் வட்டியும் சேர்ந்தே ஓடும்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் எங்கும் பக்கா வீடு இல்லையென்றால், பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0 பற்றி வங்கியில் கேளுங்கள். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால், 1.80 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியத்துக்கு வழியிருக்கிறது. இந்த வரம்புக்குள் வீடு தேடுபவர்களுக்குப் புறநகர்தான் வாய்ப்பு.

ஏப்ரலில் தண்ணீர், டிசம்பரில் வெள்ளம்

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மாடி வரை ஏறி உதவிக்குக் காத்திருந்தவர்களில் பலர், சேமிப்பைக் கொட்டி முதல் வீடு வாங்கியவர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர்கள் தத்தளித்தன. அடையாறு வெறும் நகரத்து ஆறு அல்ல. அது உருவாகும் ஏரிகளும் ஓடைகளும் புறநகரில்தான் இருக்கின்றன.

எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது. தெரு சொல்லும். பழைய வீடுகளின் வாசல்படி மட்டும் ஏன் அவ்வளவு உயரம்? காம்பவுண்டு சுவரில் வரிவரியாக என்ன கறை? ரோட்டைவிட வீடு தாழ்ந்திருக்கிறதா? தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள். "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சுண்ணே?" என்றால் முழங்காலா இடுப்பா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

கோடையில் தண்ணீர் எப்படி என்பதை அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கேட்பதே சரி. போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, ஏப்ரல், மே மாதங்களில் லாரி வாங்க வேண்டுமா, கேன் எத்தனை, பாதாளச் சாக்கடை உண்டா, கழிவுநீர் லாரியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள்? தவணைக்கு மேல் வரும் மாதச் செலவு இந்தப் பதில்களில் இருக்கிறது.

அட்வான்ஸுக்கு முன் ஐந்து காகிதங்கள்

* வில்லங்கச் சான்று: குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

* பட்டா, தாய்ப்பத்திரம்: விற்பவரின் பெயர், சர்வே எண், அளவு மூன்றும் இரண்டிலும் பொருந்த வேண்டும்.

* மனை அனுமதி: 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு' என்பது போதாது. சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி அனுமதி வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியற்ற மனை என்றால் வரன்முறைப்படுத்திய ஆணையைக் கேளுங்கள்.

* ரெரா எண்: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, 8 வீடுகளுக்கு மேலோ வரும் புதிய திட்டத்துக்குப் பதிவு கட்டாயம். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது சட்டம்.

* கார்ப்பெட் ஏரியா, யு.டி.எஸ்: சுவருக்குள் புழங்கும் இடம் எவ்வளவு, நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆயிரம் சதுர அடி என்று விளம்பரம் சொன்னாலும் புழங்கும் இடம் அதைவிட நன்றாகக் குறையும்.

கடைசி வார்த்தை வழக்கறிஞருடையதாக இருக்கட்டும். அவர் புரோக்கர் கூட்டிவந்தவராக இல்லாமல், நீங்கள் தேடிப்பிடித்தவராக இருப்பது முக்கியம்.

திங்கட்கிழமை பரீட்சை

வீடு பிடித்துப்போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமையை ஒதுக்குங்கள். காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று அங்கிருந்து ஆபீஸ் கிளம்புங்கள். இரண்டு பேரும், அவரவர் ஆபீஸுக்கு. மாலை அதே வழியில் திரும்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, ஆட்டோ கிடைக்கிறதா, தனியாக ஒரு பெண் அந்த வழியில் பயமில்லாமல் நடக்க முடியுமா என்பது தெரிந்துவிடும்.

முடிந்தால் அதே பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதில் ஒரு மழைக்காலமும் வரும்படி. விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். ஆறு மாதத்தில் விலை கொஞ்சம் ஏறினாலும், இருபது வருடத்துக்கு மாட்டிக்கொள்வதைவிட அது சின்ன நஷ்டம்தான்.

அந்தத் திங்கட்கிழமை இரவு வீடு திரும்பிய பிறகும், 'இந்த இடம் நமக்குச் சரிப்படும்' என்று இரண்டு பேருக்கும் தோன்றினால், தாராளமாக டோக்கன் கொடுக்கலாம்.