லேஸ் கட்டிய பந்தும் வெறுங்காலும்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தில் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம், "பந்துக்கு லேஸ் உண்டா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். லேஸ் பூட்ஸுக்குத்தானே! நூறு ஆண்டுக்கு முந்தைய பெங்களூரில் பந்துக்குத்தான் லேஸ் இருந்தது. நம் ஆட்டக்காரர்கள் பலரின் காலில் எதுவுமே இல்லை.

அந்தப் பந்தைப் பிரித்துப் பார்ப்போம். வெளியே தடித்த மாட்டுத்தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த உறை. உள்ளே ரப்பர் பிளாடர். உறையில் விட்டிருக்கும் பிளவு வழியே பிளாடரை நுழைத்துக் காற்றடிப்பார்கள். அதன் கழுத்தை இறுக்கிக் கட்டி உள்ளே தள்ளி, பிளவை லேஸால் தைத்து மூடுவார்கள். அந்த இடம் மட்டும் புடைத்து நிற்கும். தலையால் முட்டும்போது லேஸ் நெற்றியில் பட்டால் தோல் கிழியும்.

சுற்றளவு 27 முதல் 28 அங்குலம். எடை 13 முதல் 15 அவுன்ஸ். 1937இல் அது 14 முதல் 16 அவுன்ஸாக, அதாவது சுமார் 400 முதல் 450 கிராமாக உயர்ந்தது. ஆனால் இந்தக் கணக்கு ஆட்டம் தொடங்கும்போது மட்டுமே. தோல் தண்ணீரை உறிஞ்சும். மழையில் ஆட ஆடப் பந்து கனத்துக்கொண்டே போகும்.

வெறுங்கால் ஆட்டத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. காய்ந்த தரையில் பந்து உருளும் திசையைப் பாதமே உணர்ந்துவிடும். விரல் நுனியால் ஓங்கி உதைக்க முடியாது; ஆகவே புறங்காலாலும் பாதத்தின் பக்கவாட்டாலும் தட்டிக் கடத்திச் செல்லும் ஆட்டம் வளர்ந்தது. கன்டோன்மென்டில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸோ கணுக்காலை மூடும் கனத்த தோல். அதில் அந்த நுணுக்கம் வராது. மழை பெய்தால் கதை தலைகீழ்: பூட்ஸின் ஆணிகள் சேற்றைப் பற்றும், வெறுங்கால் வழுக்கும், ஊறிய பந்து கல்லாய்க் கனக்கும்.

அந்தச் சிப்பாய்களிடம் பார்த்துப் பழகிய ஆட்டத்தில் பெங்களூர்க்காரர்கள் வெகுதூரம் போனார்கள். பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937இலும் 1938இலும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பெங்களூரின் அகமது கானும் இருந்தார்.

1952 ஒலிம்பிக்கில், ஹெல்சின்கி குளிரில், யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று வென்றது. அதன்பின் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானது. பந்தும் மாறியது: லேஸ் மறைந்தது, 1986 உலகக் கோப்பையில் தோலே இல்லாத செயற்கைப் பந்து வந்தது. அது மழையிலும் அவ்வளவாகக் கனப்பதில்லை.

வெறுங்காலோடு ஆடியதை வெறும் ஏழ்மை என்று சொல்லிவிடாதீர்கள். காய்ந்த தரைக்கும் அந்தத் தோல் பந்துக்கும் பொருந்திய ஒரு கைத்தேர்ச்சி அது. கால்தேர்ச்சி என்றே சொல்லலாம்.